லயத்து வீட்டில் உள்ளறை எது?

செபிக்கும்போது உள்ளறைக்குச் சென்று, கதவை அடைத்துக்கொண்டு, மறைவாய் உள்ள தந்தையை நோக்கி வேண்டுங்கள் என்று ஆண்டவர் சொல்லும் பகுதியை இலங்கை மலைநாட்டில் எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சிற்றாலயத்தில் உபதேசியார் வாசித்தபோது எனக்கு ஒன்பது வயது இருக்கும். குருவானவர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் பூசைக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியாரே நற்செய்தியை வாசித்து, தமக்குத் தெரிந்த அளவில் விளக்கி, செபமாலை சொல்லி எங்களை அனுப்பி வைப்பார். அன்று தேயிலை மலைக்கு நடுவே வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது, நம் வீட்டில் உள்ளறை எது என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாரே ஒழியப் பதில் சொல்லவில்லை.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், எங்கள் காம்பரா, அதாவது எங்களுக்கான ஒற்றை அறை, பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்கு முன்னால் பாதி அடைத்த இஸ்தோப்பு, அதாவது தாழ்வாரம். அதன் மூலையில் அடுப்பு. தாத்தா, அப்பாயி, அப்பா, அம்மா, அக்கா, நான், தம்பி என்று ஏழு பேர் அதற்குள் இருந்தோம். பக்கத்துக் காம்பராவுக்கும் எங்களுக்கும் இடையில் இருந்த சுவர் கூரைவரை எட்டாதபடியால், அந்த வீட்டுப் பெரியவரின் இருமலும் எங்கள் வீட்டுச் சண்டையும் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருந்தன. கதவு என்று ஒன்றே ஒன்றுதான். அது மழைக்கும் இரவுக்கும் சாத்தப்படுமே தவிர, ஒருவர் தனித்திருக்க வேண்டும் என்பதற்காக ஒருநாளும் சாத்தப்பட்டதில்லை.

ஆயினும் அம்மா செபித்தார். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போவதற்கு முன், விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் எழுந்து, மிலாறு என்னும் காய்ந்த தேயிலைக் குச்சிகளை வைத்து அடுப்பை மூட்டி, தேத்தண்ணிக்குக் கேத்தலை ஏற்றுவார். பின்பு அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து அமர்ந்து, சேலைத் தலைப்பைத் தலைக்கு மேலே போட்டு, முகம் தெரியாதபடி முன்னால் இழுத்துக்கொள்வார். தண்ணீர் கொதிக்கும்வரை அந்தத் தலைப்புக்குள் அவர் எங்களில் எவருக்கும் உரியவராக இருக்கவில்லை. தம்பி அழுதால்கூட அப்பாயி அவனைத் தூக்கிக்கொண்டு, "அம்மா சாமியோட இருக்கா, சத்தம் போடாத" என்பார். நான் கேட்ட கேள்விக்கு அம்மா ஏற்கெனவே தினமும் விடை சொல்லிக்கொண்டுதான் இருந்தார் என்பதை உணர்வதற்கு எனக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின.

இப்போது நான் பண்டாரவளையில், கடன் வாங்கிக் கட்டிய வீட்டில், கணவரோடும் இரண்டு மகள்களோடும் இருக்கிறேன். பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். எங்கள் வீட்டில் ஒவ்வோர் அறைக்கும் கதவு உண்டு. ஒவ்வொரு கதவுக்கும் பூட்டும் உண்டு. ஆனால் செபிப்பதற்கு எனக்கு இடமில்லை என்றே பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், அதை நம்பவும் செய்தேன்.

2023ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் பங்கில் ஒருநாள் தியானம் நடந்தது. தியானம் கொடுத்த குருவானவர் இதே வசனத்தை எடுத்துக்கொண்டு, உள்ளறை என்று நாம் வாசிக்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் 'தமெயோன்' என்ற சொல் நிற்கிறது என்றும், அதற்குச் சேமிப்பறை, பண்டங்கள் வைக்கும் அறை என்ற பொருள் உண்டு என்றும் சொன்னார். லூக்கா நற்செய்தி பன்னிரண்டாம் அதிகாரத்தில், காகங்களுக்குச் சேமிப்பறையும் இல்லை, களஞ்சியமும் இல்லை, ஆயினும் கடவுள் அவற்றுக்கு உணவளிக்கிறார் என்று ஆண்டவர் சொல்லும்போதும் அங்கே அதே சொல்தான் வருகிறது. சேர்த்து வைப்பதற்கான இடத்தையே செபத்துக்கான இடமாக ஆண்டவர் சுட்டிக்காட்டுகிறார் என்று கேட்ட மாத்திரத்தில், என் மனம் நேரே எங்கள் வீட்டுச் சாமான் அறைக்குப் போய்விட்டது. அன்று பிற்பகல் அவர் சொன்ன மற்றவை எதுவும் எனக்கு நினைவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த அறையைத் திறந்தேன். உள்ளே கால் வைக்க இடமில்லை. மூத்தவளின் சடங்குக்கு வாங்கிய பிளாஸ்டிக் கதிரைகள், ஒருமுறையும் தேநீர் ஊற்றாத இரண்டு கோப்பைச் செட்டுகள், பழுதான இரண்டு ரைஸ் குக்கர்கள், மாதத் தவணையில் எடுத்துப் பின்னர் நிறம் பிடிக்காமல் கழற்றிய திரைச்சீலைகள், பத்து வருடப் பரீட்சைத் தாள்கள். இவற்றுக்கெல்லாம் பின்னால், சுவரோரமாக, ஒரு மூடை அரிசி. அதைத் தொட்டபோது சாக்கு முழுவதும் வண்டு ஊர்ந்தது.

அது நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்த 2022இல் வாங்கிய அரிசி. அந்த ஆண்டை இந்த நாட்டில் வாழ்ந்த எவருக்கும் நான் விவரிக்கத் தேவையில்லை. மார்ச் மாத இறுதியில் ஒருநாள் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் இல்லை. எரிவாயுச் சிலிண்டருக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. கடையில் அரிசி இருந்த ஒருநாள் நான் மூன்று மூடை வாங்கி வந்தேன். பிள்ளைகள் பசியோடு இருக்கக் கூடாது என்ற அச்சம்தான் காரணம். அந்த அச்சம் பொய்யானதென்று இன்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் அதே மாதங்களில் எங்களுக்கு அடுப்பெரிக்க மிலாறு கட்டித் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் அனுப்பியவர் என் அக்கா. அவர் இன்றும் கொழுந்து எடுக்கிறார், இன்றும் லயத்தில்தான் இருக்கிறார். அவர் வீட்டில் அப்போது இரண்டு வேளை ரொட்டியும் சாயத்தண்ணியும்தான் ஓடியது என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அவர் அனுப்பிய விறகில் சோறாக்கித் தின்றுகொண்டு, அவருக்குக் கொடுத்திருக்க வேண்டிய அரிசியை வண்டுக்கு வைத்திருந்தேன். நான்காம் நூற்றாண்டில், தன் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வனின் உவமையைப் பற்றிப் பிரசங்கித்த புனித பசிலியார், நீ பிடித்து வைத்திருக்கும் அப்பம் பசித்தவனுடையது என்று சொன்னார். அந்த உவமையும் காகங்களைப் பற்றிய வசனமும் லூக்காவில் ஒரே அதிகாரத்தில் அடுத்தடுத்து வருகின்றன. அந்த மூடைக்கு முன்னால் அமர்ந்து நான் அழுததை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. அந்த அரிசியைப் பற்றித்தான் வெட்கம்.

எளிய வாழ்வு என்று பேசுகிறவர்களில் பலர் அலுமாரியைத் துப்புரவாக்குவதிலிருந்து தொடங்குகிறார்கள். நானும் அப்படியே தொடங்கி, அதே தவக்காலத்தில் எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டுவிடப் பார்த்தேன். சீனியை நிறுத்தினேன், தொலைக்காட்சியை நிறுத்தினேன், ஒருசந்தியும் (உபவாசமும்) சுத்தபோசனமும் (இறைச்சி விலக்கும்) திருச்சபை கேட்பதைவிட இரட்டிப்பாக அனுசரித்தேன், பாதிச் சேலைகளைக் கட்டி அனுப்பினேன். மூன்றாம் வாரத்தில் பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தேன். உயிர்ப்பு ஞாயிறு கழிந்து ஒரு மாதத்துக்குள் புதிய சேலைகள் வந்துவிட்டன. அப்போதுதான் அப்பாவை நினைத்துக்கொண்டேன். அப்பா கவ்வாத்துக் கத்தி, அதாவது தேயிலைச் செடியின் கிளைகளைக் கழிக்கும் கத்தி, பிடித்தவர். மலைநாட்டில் நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை தேயிலையைக் கவ்வாத்து வெட்டுவார்கள். வெட்டுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே அந்த மலையில் கொழுந்து எடுக்காமல் விடுவதுண்டு. வேரில் மாச்சத்துச் சேர்ந்திராத செடி, வெட்டியபின் மீண்டும் துளிர்க்காமல் பட்டுப்போகும். இளைத்த செடியாக இருந்தால், மூச்சுவிடுவதற்கென்று ஒன்றிரண்டு கிளைகளை இலையோடு விட்டுவைத்துத்தான் மற்றவற்றை வெட்டுவார்கள். கனி தரும் கிளையைத் தந்தை கழித்துவிடுகிறார் என்ற யோவான் நற்செய்தி வசனத்தைப் பல பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். கழிப்பதற்கு முன் செடிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதை அந்தப் பிரசங்கங்களில் எவரும் சொல்லவில்லை. வேரில் சேமிப்பில்லாமல் நான் கத்தியை எடுத்திருந்தேன். முதலில் வேண்டியிருந்தது செபம்.

அதற்கு என்னை வழிநடத்தியவர்கள் எகிப்தின் பாலைவனத் துறவிகள். வனத்து அந்தோணியாரின் பெயர் நம் மக்களுக்குப் புதிதன்று. உனக்குள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடு என்ற நற்செய்தியைக் கோயிலில் கேட்டு, அதைத் தனக்கே சொல்லப்பட்டதாக எடுத்துக்கொண்டு நிலத்தைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டவர் அவர். அவருக்குப் பின் அந்தப் பாலைவனத்துக்குச் சென்று பெரியவர்களிடம் கேட்டுத் திரிந்தவர்களில் யோவான் கசியான் என்பவர் ஒருவர். இடைவிடாமல் செபிப்பது எப்படி என்ற அவருடைய கேள்விக்கு, ஈசாக்கு என்ற துறவி ஒரே ஒரு வசனத்தைக் கொடுக்கிறார்: கடவுளே, எனக்குத் துணைபுரிய வாரும், ஆண்டவரே, எனக்கு உதவ விரைந்து வாரும் என்ற, எழுபதாம் திருப்பாடலின் முதல் வரி. பசித்தாலும் இதைச் சொல், உறக்கம் வந்தாலும் இதைச் சொல், கோபம் வந்தாலும், மனம் அலைந்தாலும், மகிழ்ச்சி வந்தாலும் இதையே சொல் என்கிறார். அதற்குப் பிறகு அவர் சொல்வதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. மனம் தன் எண்ணங்களின் செல்வத்தையெல்லாம் விட்டுவிட்டு, இந்த ஒரே வசனத்தின் வறுமைக்குள் வர வேண்டுமாம்; ஏழையரின் உள்ளத்தோர் பேறுபெற்றோர் என்ற வாக்கு அங்கேதான் நிறைவேறத் தொடங்குமாம்.

வசனத்தின் வறுமை. சாமான் அறையின் நெரிசல் முதலில் மனத்திலிருந்து வருகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் எனக்குச் சொன்னதில்லை. எனக்குப் பத்து எண்ணங்கள் தேவைப்பட்டன, அவற்றுக்குப் பத்துப் பொருள்கள் தேவைப்பட்டன. ஒரு வரியோடு இருபது நிமிடம் இருக்க முடியாதவள் ஒரு கோப்பைச் செட்டோடு எப்படி நிறைவடைவாள்?

அம்மா நிரை பிடித்துக் கொழுந்து எடுக்கும்போது உதடு அசைந்துகொண்டிருக்கும். "சேசுவே, மரியே, சூசையே" என்றும் "என் ஆண்டவரே, என் தேவனே" என்றும் சொல்லிக்கொண்டே போவார். நம் பெரியவர்கள் இவற்றை மனவல்லயச் செபங்கள் என்பார்கள். கை தன்பாட்டுக்கு இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளிக் கூடையில் போடும். வாய் தன்பாட்டுக்கு அழைத்துக்கொண்டிருக்கும். அம்மாவுக்குக் கசியானைத் தெரியாது, பாலைவனத்தையும் தெரியாது. பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரின் கார்மேல் மடத்தில் சமையற்கட்டில் வேலை செய்துகொண்டே இறைப் பிரசன்னத்தில் நிலைத்திருந்த சகோதரர் லாரன்ஸையும் அவர் கேள்விப்பட்டதில்லை. ஆனால் இவர்களையெல்லாம் பின்னாளில் வாசித்தபோது, எனக்குப் புதிய ஊருக்குப் போனதுபோல் இருக்கவில்லை, அம்மாவின் கூடையோரத்துக்குத் திரும்பியதுபோல்தான் இருந்தது.

நான் செய்வது இதுதான். காலை நாலேகாலுக்கு எழுந்து, விளக்குப் போடாமல், முதுகை நிமிர்த்தி அமர்ந்து, அந்தத் திருப்பாடல் வரியை மெல்ல உள்ளே சொல்கிறேன். எண்ணம் வரும், வந்தது தெரிந்ததும் சண்டையிடாமல் வரிக்குத் திரும்புகிறேன். இருபது நிமிடம். அந்த அளவு நான் வகுத்ததன்று. 1970களில் அமெரிக்காவின் ஸ்பென்சர் மடத்துத் திராப்பிஸ்து துறவிகள், இல்லறத்தார்க்கும் இந்தச் செபத்தைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியபோது, காலையும் மாலையும் இருபது நிமிடம் என்று வகுத்தார்கள். மாலையில் எனக்கு அது வாய்ப்பதில்லை. பெரும்பாலான நாட்களில் எதுவுமே நடப்பதில்லை என்பதையும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன். ஒளியும் இல்லை, கண்ணீரும் இல்லை. முதல் பஸ்ஸின் சத்தமும் முழங்கால் வலியும்தான். ஆனால் நாளில் இருபது நிமிடம் எதையும் பெறாமல், எதையும் முடிக்காமல், எதையும் வாங்காமல் இருக்கப் பழகியவள், கடையின் முன்னால் நிற்கும்போது கொஞ்சம் வேறு ஆளாக நிற்கிறாள். அந்த மாற்றம் மூன்றாம் மாதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. விலைக் கழிவுப் பலகையைப் பார்த்தேன், ஆசை எழுந்தது, எழுந்ததைக் கண்டேன், வரிக்குத் திரும்புவதுபோல் வீட்டுக்குத் திரும்பினேன்.

இரவில் ஆத்தும சோதனை செய்தபின் கைப்பேசியைச் சமையலறை அலுமாரியில் வைத்துவிட்டு, காலைச் செபம் முடியும்வரை எடுப்பதில்லை. புனித ஆசீர்வாதப்பர், அதாவது பெனடிக்ட், ஆறாம் நூற்றாண்டில் எழுதிய ஒழுங்கில், இரவுச் செபத்துக்குப்பின் எவரும் பேசக்கூடாது என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. நாங்கள் அதைக் கைப்பேசிக்கு வைத்துக்கொண்டோம்.

அந்த ஒழுங்கைப் பற்றிச் சொல்லும்போது அடிஷாமைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஹப்புத்தளையிலிருந்து மூன்று கிலோமீற்றர் அளவில், தேயிலையும் காடும் சேரும் இடத்தில் அந்தக் கருங்கல் மாளிகை நிற்கிறது. பிரித்தானியப் பிரதமராக இருந்த ஜோன் ரசல் பிரபுவின் பேரனும், பெருந்தோட்டங்களை நிர்வகித்த நிறுவனமொன்றின் தலைவருமான சேர் தோமஸ் வில்லியர்ஸ் அதை 1931இல் கட்டி முடித்தார். தோட்டத்தை நிர்வகித்த தொரைமாரின் பங்களாவுக்கு முன்வாசல் வழியாகப் போகும் உரிமை எங்கள் தாத்தாவின் தலைமுறைக்கு இருந்ததில்லை. 1960களின் தொடக்கத்தில் சில்வெஸ்திரின் பெனடிக்ட் துறவிகள் அதை வாங்கி மடமாக்கினார்கள். இப்போது அங்கே மணியடித்தால் செபம். தோட்டத்துப் பழங்களில் துறவிகள் ஜாம் செய்து விற்கிறார்கள். பார்வையாளர்கள் பெரும்பாலும் அந்தப் பழைய தளபாடங்களைப் பார்த்துவிட்டு ஜாம் போத்தலோடு போய்விடுகிறார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை, நானும் பல தடவை அப்படித்தான் போனேன். அந்தத் தவக்காலத்துக்குப் பிறகு ஒரு ஞாயிறு அங்கே போய், கட்டடத்தைப் பார்க்காமல் ஒரு மரத்தடியில் அமர்ந்து, கொண்டுபோயிருந்த பெனடிக்ட் ஒழுங்கை வாசித்தேன். துறவிக்கு இரண்டு அங்கி போதும், புதியதை வாங்கும்போது பழையதை ஏழைகளுக்காகத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது ஐம்பத்தைந்தாம் அதிகாரம். மடத்தின் பண்டகப் பொறுப்பாளர் எல்லாப் பாத்திரங்களையும் பொருள்களையும் பலிபீடத்தின் திருப்பாத்திரங்களைப் போலக் கருத வேண்டும் என்கிறது முப்பத்தோராம் அதிகாரம்.

இந்த இரண்டாவதை நான் எதிர்பார்க்கவில்லை. எளிமை என்றால் பொருள்களை வெறுப்பது என்று எண்ணியிருந்தேன். பெனடிக்ட் அகப்பையையும் மண்வெட்டியையும் வணங்கத்தக்க கவனத்தோடு வைக்கச் சொல்கிறார். வீட்டுக்கு வந்து, ஒருமுறையும் பயன்படுத்தாத கோப்பைகளில் ஒரு செட்டை எடுத்துக் கழுவி, அன்றுமுதல் அதில்தான் தேநீர் குடிக்கிறோம். மற்றதை அக்காவுக்குக் கொடுத்தேன்.

இனிச் சொல்வதுதான் கடினமானது. தனியே அமர்ந்து செபிப்பதும் சேலையைக் குறைப்பதும் என் கையில் இருக்கின்றன. ஆனால் நம்மிடையே செலவு என்பது தனியொருத்தியின் விவகாரமன்று. 2018இல் என் மூத்த மகள் பெரியவளானபோது மண்டபம் எடுத்து, வீடியோ எடுத்து, முந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டோம். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் என் தம்பி, தாய்மாமன் சீராகப் பதினொரு தட்டோடு வந்தான். சபை வாயடைத்து நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவன் அதற்காக மனைவியின் சங்கிலியை அடகு வைத்ததும், அதை மீட்க முடியாமல் போனதும் நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் என் காதுக்கு வந்தன. என் வீட்டு விழா என் தம்பியை ஏழையாக்கியிருந்தது.

ஆகையால் 2023இல் இளையவளின் முறை வந்தபோது, மண்டபமும் வேண்டாம், சீரும் வேண்டாம், ஒரு பூசை ஒப்புக்கொடுத்துவிட்டு வீட்டோடு முடித்துக்கொள்வோம் என்று தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவன் நன்றி சொல்வான் என்று நினைத்தேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தாய்மாமங்கிற உரிமைய எங்கிட்டருந்து எடுத்துட்டியேக்கா" என்றான். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு பல நாட்கள் காலைச் செபத்தில் அமர்ந்தேன். திருப்பாடல் வரி வரவில்லை, அவன் குரல்தான் வந்தது. எளிமையைத் தேடிப் போன நான், மற்றவர்களுக்கு என்னிடம் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை என்று ஆக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் ஒரு செருக்கும் இருந்தது. மறுபடி அவனை அழைத்து, நீ வந்துதான் ஆக வேண்டும், உன்னால் கடன்படாமல் எது முடியுமோ அதைக் கொண்டுவா என்றேன். ஒரு சேலையும், தேங்காய் பழமும், தன் மனைவி பிசைந்த அதிரச மாவும் கொண்டு வந்தான். என் அக்காவும் அவன் மனைவியும் எங்கள் சமையலறையில் அதிரசம் சுட்டார்கள். என் மகளுக்கு முதல் தண்ணீர் ஊற்றியது அக்கா. இருபத்தைந்து பேர் சாப்பிட்டோம். ஊரில் சிலர் பேசினார்கள், பேசட்டும்.

மௌன செபம் நம் விசுவாசத்துக்கு உரியதா, அது மற்ற மதத்தவர் செய்வதல்லவா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் எகிப்தைச் சொல்வேன். கண்டிக்கு வந்து, பொலன்னறுவையின் புத்தர் சிலைகளுக்கு முன் வெறுங்காலோடு நின்று, சில நாட்களில் 1968 டிசம்பர் 10ஆம் திகதி பாங்கொக்கில் இறந்த திராப்பிஸ்து துறவி தோமஸ் மெர்டனைச் சொல்வேன். எங்கள் மூதாதையர் புறப்பட்டு வந்த திருச்சிப் பக்கத்தில், குளித்தலையின் காவிரிக் கரையில் 1950இல் தொடங்கிய கிறிஸ்தவ ஆசிரமமான சாந்திவனத்தைச் சொல்வேன். அதற்குமேல் வாதாடுவதில்லை.

ஆனால் ஒரு விடயத்தில் வாதாடுவேன். சில காலத்துக்கு முன் ஒரு கூட்டத்தில், வெளியூரிலிருந்து வந்த ஒருவர், தோட்டத்து மக்களைப் பாருங்கள், ஒற்றை அறையில் எவ்வளவு நிறைவாக வாழ்கிறார்கள், எளிய வாழ்வுக்கு அவர்களே முன்மாதிரி என்று பேசினார். எழுந்து வெளியே போய்விட்டேன். என் அம்மா சேலைத் தலைப்புக்குள் செபித்தது அவருக்கு வேறு அறை கொடுக்கப்படாததால்தான். அவர் அதைப் புனிதமாக்கினார் என்பது அவருடைய மகிமை. அதைக் கொடுக்காதவர்களுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. தோட்டத் தொழிலாளர்க்குக் கூலி நாளுக்கு ஆயிரம் ரூபாய் என்ற கோரிக்கை எழுந்தது 2015இல். அது சட்டப்படி கிடைத்தது 2021இல். அடுத்த ஆண்டே விலைவாசி அதை விழுங்கிவிட்டது. இப்படிப்பட்ட கூலியில் வாழ்கிற பெண்ணிடம் போய்க் குறைவாக விரும்பு என்று நான் சொல்வேனாகில், என் செபம் எல்லாம் வீண். களனியில் துலானா ஆய்வு மையத்தை நிறுவிய இயேசு சபைக் குருவானவர் அலோசியஸ் பீரிஸ், விரும்பி ஏற்கும் வறுமை வேறு, திணிக்கப்படும் வறுமை வேறு என்று பிரித்துக் காட்டி, முன்னது பின்னதற்கு எதிரான போராட்டமாக இருக்க வேண்டும் என்று பல காலமாக எழுதி வந்திருக்கிறார். எங்கள் பதுளை மறைமாவட்டத்தின் முதல் ஆயர் லியோ நாணயக்கார ஒரு பெனடிக்ட் துறவி. கண்டியின் ஆயராக இருந்தவர், 1972இல் பதுளை தனி மறைமாவட்டமானபோது, பழைய நிறுவனங்களும் வசதிகளும் நிறைந்த கண்டியை விட்டு இந்த ஏழை மறைமாவட்டத்துக்கு வந்தார். பண்டாரவளையில் சேவக செவண என்ற குருத்துவப் பயிற்சி இல்லத்தைத் தொடங்கி, குருத்துவ மாணவர்களை மக்களின் வாழ்க்கைக்கு நடுவே உருவாக்க முயன்றார். குறைத்துக்கொள்ள வேண்டியவர்கள் நாங்கள், கதவும் பூட்டும் உள்ளவர்கள். தோட்டத்து மக்களுக்கோ இன்னும் அதிகமாக வேண்டும்.

2022 மே 15ஆம் திகதி, இங்கே வரிசைகள் நீண்டிருந்த நாட்களில், உரோமையில் நம் தமிழ் மறைச்சாட்சி தேவசகாயமும் சார்ல்ஸ் டி ஃபூக்கோவும் ஒரே திருப்பலியில் புனிதர்களாக அறிவிக்கப்பட்டார்கள். தேவசகாயத்துக்காகத்தான் அதைப் பார்க்க அமர்ந்தேன். சகாராவில் தனித்து வாழ்ந்த ஃபூக்கோவை அப்போது எனக்கு அவ்வளவாகத் தெரியாது. நாசரேத்தில் எவரும் அறியாமல் முப்பது ஆண்டுகள் வாழ்ந்த இயேசுவைப் போல் வாழ வேண்டும் என்பதே அவருடைய தாகமாக இருந்ததாம். இப்போது அவரை அடிக்கடி நினைக்கிறேன். நாசரேத்தும் சின்ன வீடுகள் உள்ள ஊர்தானே.

சாமான் அறை காலியாவதற்கு ஏழு மாதங்கள் ஆயின. சுவருக்குச் சுண்ணாம்பு பூசி, ஒரு பாயும் ஒரு பாடுபட்ட சுரூபமும் வைத்தேன். ஓராண்டுக்கு மேலாக அங்கேதான் செபித்தேன். வாழ்நாளில் முதன்முறையாக எனக்கென்று ஒரு கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த மகிழ்ச்சியை இன்னும் என்னால் சொல்லி முடிக்க முடியாது.

சென்ற ஆண்டு, அக்காவின் இளைய மகளுக்குச் சாதாரண தரப் பரீட்சை நெருங்கியது. லயத்தில் எட்டுப் பேருக்கு நடுவே, இரவு பத்து மணிக்குமேல் விளக்கெரித்தால் பக்கத்துக் காம்பராவிலிருந்து சத்தம் வருகிறது என்று அக்கா ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். கேட்கவில்லை, சொன்னார். இந்த முறை எனக்குக் காது கேட்டது. பிள்ளை ஒரு பையோடும் ஒரு தலையணையோடும் வந்து சேர்ந்தாள். அறையைப் பார்த்துவிட்டு, "சித்தி, இந்தக் கதவ உள்ளுக்குப் பூட்டிக்கலாமா?" என்று கேட்டாள். பூட்டிக்கொள் என்றேன். பாயையும் சுரூபத்தையும் எடுக்க வேண்டாம், இருக்கட்டும் என்று அவளே சொன்னாள். பரீட்சை முடிந்தபின் உயர்தரத்துக்கும் இங்கிருந்தே படிக்கட்டும் என்று நாங்கள் முடிவு செய்தோம்.

நாலேகாலுக்கு எழும்போது அந்த அறையின் கதவிடுக்கில் சில நாட்களில் வெளிச்சம் தெரியும். நான் சமையலறைக்குப் போய், கேத்தலை அடுப்பில் ஏற்றிவிட்டு, பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து அமர்ந்து, சேலைத் தலைப்பை இழுத்துக்கொள்கிறேன்.